செஞ்சியில் டம்ளரை மோந்து பார்க்கும் வீடு

குடியை விட்டவர்கள் சிகிச்சை முடிந்ததும் எங்கே போய்த் தங்குகிறார்கள், யார் துணை? என் ஆய்வே இதுதான். அதற்காகத்தான் போன தை மாதம் செஞ்சிக்குப் போனேன். கோட்டையையும் பார்த்துவிடலாம் என்ற நப்பாசையை என் ஆய்வு வழிகாட்டியிடம் சொல்லவில்லை.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ். திண்டிவனத்தில் டீ, அங்கிருந்து 28 கிலோமீட்டர். செஞ்சியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் விலாசம் சொன்னேன்.

"இன்னா மேடம், குடிகாரங்க வூடா?"

"குடியை விட்டவங்க வீடு."

"அதான், மோந்து பாக்குற வூடு! டீ வாங்கிக் குடுத்தாகூட மோந்துட்டுதான் குடிப்பாங்க," என்று சிரித்தார்.

நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. டாக்டர் இல்லை, வார்டன் இல்லை. ஒருவருக்கொருவர்தான் காவல். விசேஷத்துக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. வெளியாள் எது கொடுத்தாலும் துணைக்கு வந்தவர் முகர்ந்த பிறகே குடிக்கலாம். வீட்டு டீயைக்கூடப் பழக்கத்தில் மாற்றி மாற்றி முகர்ந்துகொள்கிறார்கள். விருந்தாளி என்று என் டம்ளரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் அந்தோணி, கொத்தனார். மறுநாள் பக்கத்து ஊர் மாதா கோயிலில் அவர் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தில் இவர் குடித்துவிட்டு ஆடிய ஆட்டத்தில் சம்பந்தமே முறியப் பார்த்ததாம். "வா நைனா. ஆனா ஒரு சொட்டு போட்டாலும், அதோட எனக்கு நைனா இல்லன்னுட்டா," என்றார். பயம் முகத்தில் அப்பியிருந்தது. எனக்கும் அழைப்பு கிடைத்தது.

மறுநாள் காலை கோட்டையின் ராஜகிரி மலை ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். மூச்சு வாங்கியதற்குக் கணக்கில்லை. குரங்குக்கு ஒரு பன் தானம். குளித்துவிட்டு அவர்களோடு கல்யாணத்துக்குக் கிளம்பினேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கோடு திராட்சை ஜூஸும் கொடுப்பது வழக்கம். ஸ்டெல்லா கருஞ்சிவப்பாக ஒரு டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள். அந்தோணிக்குத் துணையாக அதே வீட்டிலிருந்து வந்த முருகன் ஒரே தாவலில் மேடையேறி அதைப் பிடுங்கி மூக்கை வைத்தார்!

மாப்பிள்ளையின் அப்பா முகம் சுருங்கிவிட்டது. "ஜூஸுதான்..." என்று முனகினார் முருகன். அந்தோணி தலை குனிந்து நின்றார்.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. "சின்னப்புள்ளையில நைனா வந்தா நான்தாண்ணா வாய மோந்து பாத்துட்டு அம்மாகிட்ட சொல்லுவேன். நான் போய்ட்டா யாரு பாப்பாங்கன்னு ஒரே டென்சனா இருந்துச்சு. நீங்க பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கிறோம்மா," என்றார் முருகன்.

டம்ளரை வாங்கி அப்பாவின் வாயருகே கொண்டுபோய், "குடி நைனா," என்றாள். நான் அழுதுவிட்டேன். பந்தியில் உட்கார்ந்த பிறகும் அழுகை நிற்கவில்லை.

போகிறவர்களுக்கு: கோட்டையை வெயில் ஏறும் முன் ஏறிவிடுங்கள், தண்ணீர் அவசியம், குரங்கு ஜாக்கிரதை. இப்படியொரு வீட்டுக்குப் போனால் உபதேசம் வேண்டாம், உட்கார்ந்து டீ குடியுங்கள், போதும். நட்பு இருக்கிற வீட்டில்தான் மனிதன் தேறுகிறான் என்று ஆய்வில் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது முருகன் எனக்கு டீ கொண்டுவந்தார். அந்தோணி குறுக்கே கை நீட்டி வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "குடிங்க," என்று கொடுத்தார்.