சோடித்த வீட்டுக்கு வரி

வீட்டை விற்பதற்கு முன் அதைச் சோடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணைச் சோடிப்பார்கள். அந்தச் சோடிப்பில் நானும் ஒருநாள் தலை குனிந்து இருந்தவள்தான். வீட்டுக்கும் அதே சடங்கு உண்டென்று சொல்லித்தந்தவர் எங்கள் தரகர். சோடித்த செலவை வரியில் கழிக்க முடியாது என்று சொல்லித்தந்தவர் வரிக் கந்தோர் உத்தியோகத்தர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் களைத்துப்போனேன். அந்தக் களைப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வீடு கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் ஒரு சரிவில் இருந்தது. அப்பா தந்த சீதனக் காசில் வாங்கியது, அதனால் உறுதிப் பத்திரம் என் பெயரில். யாழ்ப்பாணத்து வழக்கம் அப்படி: வீடு பெண்ணுக்கு, அந்த வீட்டில் அதிகாரம் மாப்பிள்ளைக்கு. என் கணவர் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அந்த வீட்டை எரித்தார்கள்.

அன்று காலையில் அரிசியைக் களைந்து பானையில் போட்டிருந்தேன். அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள மனிதர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "டீச்சர், போங்க, இப்பவே போங்க" என்று சிங்களத்தில் சொன்னார். கட்டின உடுப்போடு வெளிக்கிட்டோம். சில கிழமை ஒரு பாடசாலையில் அகதிகளோடு அகதிகளாகப் படுத்தெழும்பினோம். திரும்பி வந்து பார்த்தபோது முன்னறையின் கூரை நிலத்தில் கிடந்தது. கதவில்லை, யன்னலில்லை. அலுமாரியை முற்றத்தில் இழுத்துப் போட்டு எரித்திருந்தார்கள். குசினியில் என் பானை வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே அரிசி கரியாகிக் கிடந்தது.

என் கணவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். "கொஞ்சம் பழுதாப் போச்சு" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு வந்த மாதங்களிலும் இல்லை. யாராவது விசாரித்தால் "அந்தப் பிரச்சினை" என்பார். சில வேளை "ஆடி மாதம்" என்பார், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல. கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் வீடு எரிந்ததே தெரியாது. எரித்தார்கள் என்று ஒருதரமாவது வாயால் சொல்லுங்கள் என்று பல தரம் கேட்டும் அவர் சொல்லவில்லை. எனக்கு அவரில் வந்த கோபத்தில் பாதி இதனால்தான். எரித்தவர்களில் கோபப்பட அவர்களுடைய முகம் தெரிய வேண்டுமே. இவருடைய முகம் எனக்குப் பக்கத்தில் இருந்தது.

விற்பது என்று முடிவெடுத்தோம். யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. விற்ற காசில் அதில் இரண்டு அறை கட்டிக்கொண்டு வேலை மாற்றம் எடுத்துப் போய்விடலாம் என்பது திட்டம். ஒரு அறை எங்களுக்கு, மற்றது தனியாக இருந்த என் மாமியாருக்கு.

தரகர் கண்டி டவுனில் எல்லோருக்கும் தெரிந்த முஸ்லிம் மனிதர். குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று எரிந்த வீட்டைப் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு தொழிலுக்கு வந்தார்.

"டீச்சர், எரிஞ்ச ஊடுண்டு தெரிஞ்சா பாதி வெலைக்கும் கேக்க மாட்டாங்க. ஓடிப் போற ஆள்ட ஊடுண்டு தெரிஞ்சா அதுலயும் பாதி. ஒண்டுமே நடக்காத மாதிரி ஈக்கோணும். ஊட்ட நல்லாச் சோடிச்சு வைங்க."

"பொலிசிலை ஒரு முறைப்பாடு எழுதி வைக்க வேண்டாமோ?" என்று கேட்டேன்.

"வாணாம் டீச்சர். அங்க எழுதினா ஊரெல்லாம் எழுதின மாதிரித்தான். வித்த பொறகு பாத்துக்கொள்ளலாம்."

என் கணவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பதில் அவருக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம். "அவர் சொல்லுறது சரி" என்று உடனே தலையாட்டினார்.

கடன்பட்டுக் கூரை போட்டோம். கதவு, யன்னல், கண்ணாடி எல்லாம் புதிதாக வந்தன. வெள்ளை அடிக்கக் கலஹாவிலிருந்து ஒருவர் வந்தார். தேயிலைத் தோட்டத்து மனிதர். முதல் நாளே சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கரி உள்ள எறங்கிருச்சுங்கம்மா. இன்னைக்கு அடிச்சா நாளைக்கு மஞ்சளா மேல வந்துரும்" என்றார். சுவரைக் கழுவினார், அடித்தார், மஞ்சள் வந்தது, மறுபடி அடித்தார். கடைசியில் சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. மணம் மட்டும் போகவில்லை. கண்டியில் மழை பெய்யாத நாள் எது? ஈரம் ஏறினால் சுவரிலிருந்து எரிந்த மணம் வெளியே வந்தது.

அதற்கும் தரகரிடம் மருந்து இருந்தது. "ஆள் வார நேரத்துல குசினில எதாச்சும் தாளிங்க. ஊட்டுக்கு உசிர் வந்துரும்."

நாங்கள் அப்போது பேராதனைப் பக்கத்தில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தோம். வீடு பார்க்க ஆள் வருகிறது என்று தரகர் சொல்லி அனுப்பினால் பஸ் ஏறிப் போவோம். என் கைப்பையில் வெங்காயம், கடுகு, கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். படிப்பிக்கிற கொப்பிகளில் எண்ணெய் பட்டுப் பிள்ளைகளிடம் வெட்கப்பட்டிருக்கிறேன். பஸ்ஸில் நாங்கள் தமிழில் கதைப்பதை நிறுத்தியிருந்தோம். கதைக்க ஏதும் இருந்தால் இறங்கின பிறகுதான்.

கதிரைகளையும் திரைச்சீலைகளையும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போடுவோம். என் கணவர் சாரத்துக்கு மாறிக்கொண்டு இரவல் கதிரையில் இருந்து பேப்பர் விரிப்பார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிற்கிற ஆம்பிளை மாதிரி. நான் குசினியில் தாளிப்பேன். வந்தவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், கேட்ட விலையில் பாதி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சமைத்ததைக் கொட்டவா முடியும்? நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்து சாப்பிடுவோம்.

உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில் வாய்க்கு ருசியாக நான் சாப்பிட்டது அந்தச் சாப்பாடுகளைத்தான். அவர்கூட ஒருநாள் பகிடி விட்டார். "இண்டைக்கு வந்தவை வாங்காமல் போனது நல்லது. வாற கிழமையும் கத்தரிக்காய்க் குழம்பு கிடைக்கும்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எனக்கு அழுகையும் வந்தது. அவர் பார்க்காத மாதிரி இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

கடைசியில் குருநாகல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தம்பதி வாங்கினார்கள். அந்தப் பெண் நேரே குசினிக்கு வந்து மூச்சை இழுத்து, என்ன கறி என்று கேட்டாள். சொன்னேன். வீட்டில் ஒரு குறையும் இல்லையே என்றும் கேட்டாள். எனக்குப் பின்னால் வந்து நின்ற என் கணவர், ஒரு குறையும் இல்லை என்று நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். நினைத்ததைவிட நல்ல விலை. சோடித்தது வீண் போகவில்லை.

அடுத்த வருடம் வரிக் கந்தோரிலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் வீட்டை வாங்கிய விலைக்கு மேல் விற்றால் அந்த ஆதாயத்துக்கு வரி கட்ட வேண்டும். என் கணவர் பயப்படவில்லை. அவருக்குக் கொஞ்சம் சந்தோசம் என்றுகூடச் சொல்லலாம். ஓடு, மரம், கண்ணாடி, பெயின்ட், வெள்ளை அடித்தவரின் கூலி, தரகர், உறுதி எழுதின நொத்தாரிசு என்று எல்லாவற்றுக்கும் ரசீது ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். "விக்கிறதுக்காகச் செலவழிச்சது முழுக்கக் கழிபடும். வரி பெரிசா வராது" என்றார்.

உத்தியோகத்தர் ஓய்வுக்குக் கிட்டிய வயதுச் சிங்களவர். மரியாதையான மனிதர், எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். தரகர் காசும் நொத்தாரிசு காசும் கழியும், அவை விற்ற செலவு. வெள்ளை அடித்தது கழியாது. வாங்க வருபவருக்கு வீட்டை அழகாகக் காட்டச் செய்த எதுவும் கழியாது. வீடு வைத்திருக்கிறவன் எப்படியும் செய்கிற பராமரிப்பு அது. வீட்டையே புதிதாகக் கட்டின மாதிரி வேலை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பிறகு கூரை, கதவு, யன்னல் ரசீதுகளை எடுத்தார். அந்தக் கட்டுத்தான் பெரியது. "இதுவும் அழகுக்கா?" என்று கேட்டார். திகதிகளைப் பார்த்தார். ஒன்றின் பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்த வருடத்தில் அந்த மாதங்களில் கூரையிலிருந்து கதவு வரை புதிதாகப் போட்ட தமிழ்ப் பெயர்க்காரியின் வீட்டுக்கு என்ன நடந்திருக்கும் என்று கண்டியில் யாருக்கு விளங்காது?

"பொலிஸ் முறைப்பாடு இருக்கிறதா?"

"இல்லை" என்றார் என் கணவர்.

அப்படியென்றால் சிக்கல் என்றார் உத்தியோகத்தர். கலவரச் சேதம் என்று சொன்னால் அதற்கு முறைப்பாடு வேண்டும், அது வேறு கந்தோர், நட்டஈடு கிடைத்ததா இல்லையா என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். வருடக் கணக்கில் இழுபடும். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் பராமரிப்பு, எல்லாவற்றுக்கும் வரி.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த வரியைக் கட்டினால் இரண்டு அறை ஒரு அறையாகிவிடும். வீட்டை விற்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. வரியைக் கழிப்பதற்கு நடந்தது என்று காட்ட வேண்டும். முதலாவதை நாங்கள் மிகத் திறமாகச் செய்து முடித்திருந்தோம்.

உத்தியோகத்தர் கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினார். "சாதாரணத் தீ என்றால் பிரச்சினை இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். "எரிந்ததைத் திரும்பக் கட்டினீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். தீ எப்படிப் பிடித்தது என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். இன்றைக்கே முடித்துவிடுகிறேன்."

அவர் நல்லதைத்தான் செய்ய நினைத்தார். இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

என் கணவர் பேனையை எடுத்தார். யோசிக்கவும் இல்லை. தன் அழகான கச்சேரி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, என் பக்கம் தள்ளிவிட்டார். வீடு என் பெயரில் இருந்தது, கையெழுத்தும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். வாசித்தேன். சமையலறை அடுப்பிலிருந்து தற்செயலாகத் தீ பரவி வீடு சேதமடைந்தது.

"என்ரை அடுப்போ?" என்று தமிழில் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வேறை என்னத்தை எழுத? கரண்ட் எண்டால் அதுக்கும் ஒரு கடிதம் கேப்பினம்."

வருடக் கணக்காகப் பிள்ளைகளின் கொப்பியில் பிழைக்குச் சிவப்புக் கோடு போட்ட கை என்னுடையது. அந்த வசனத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரு இடத்திலாவது, ஒரு கந்தோரிலாவது, எரித்தார்கள் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு இரண்டு அறையை நினைத்தேன், மாமியாரை நினைத்தேன். பின்னாளில் அந்த இரண்டு அறையும் ஷெல் விழுந்து போனது வேறு கதை. அன்று அது தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

உத்தியோகத்தர் முத்திரை குத்தினார். அவருக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நாங்கள் எழும்பும்போது என்னைப் பார்த்து, "இனிமேல் அடுப்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நோனா" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை அவர் அதற்குள் நம்பத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

பேராதனை பஸ்ஸில் சனம் நிறைந்திருந்தது. எப்படியோ எங்களுக்கு இரண்டு இருக்கை கிடைத்தது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கனதூரம் போனபிறகு அவர் தாழ்ந்த குரலில், "இஞ்சேர், கோவமோ?" என்றார். பஸ்ஸில் தமிழில்.

"அண்டைக்கு நான் அடுப்பே மூட்டேல்லை" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"அரிசி களைஞ்சு வைச்சபடி..."

"தெரியும்" என்றார் மறுபடியும். அவருடைய கை முழங்காலில் இருந்த ரசீதுக் கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு, கேட்டுக் கேட்டு நான் களைத்துப்போய் விட்டுவிட்ட அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. இந்த முறை குரல் தாழ்ந்து இருக்கவில்லை.

"எரிச்சுப் போட்டாங்கள். எங்கடை வீட்டை எரிச்சுப் போட்டாங்களப்பா."

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் என் கணவருடைய கையை அமத்தினேன்.

"மெல்லக் கதையுங்கோ" என்றேன். "பஸ்ஸுக்கை சனம் நிக்குது."