தப்பு நாற்காலிகள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் கோடு ஒரு நூல் சாய்ந்தாலும் தேய்த்து அழிப்பவளை வகுப்பு வேறு எப்படிக் கூப்பிடும்? அழித்தும் மனசு ஆறாவிட்டால் நோட்டிலிருந்து தாளையே கிழித்தெறிந்துவிடுவாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி!

பத்தாம் வகுப்பில் ‘ஓவியமும் வடிவமைப்பும்’ பாடத்தை அடம்பிடித்து எடுத்திருந்தாள். ஆண்டு முழுக்க ஒரே ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். வீட்டு முன்னறையில் துணி தைக்கும் அம்மாவுக்கு ஓயாத முதுகுவலி என்பதால், தையல் மிஷின் முன்னால் போடுகிற நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டாள். கடைசிப் படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்திருந்தது.

ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின நாள், ஓவிய ஆசிரியை அவளுடைய நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“தப்பா வரைஞ்சதெல்லாம் எங்கேம்மா?”

“கிழிச்சுட்டேன் மிஸ். அசிங்கமா இருந்துச்சு.”

“அடிப்பாவி! பாதி மார்க்கே அதுக்குத்தானே? எங்க தடுக்குச்சு, ஏன் மாத்தினேன்னு காட்ட வேணாமா? இதை மட்டும் பார்த்தா, யாரோ வரைஞ்சு குடுத்ததுன்னுதான் நினைப்பாங்க.”

இதில் தேறாவிட்டால் அடுத்த ஆண்டு ஓவியம் கிடையாது. வணிகவியல் வகுப்பில் போய் உட்கார வேண்டியதுதான். வீட்டுக்கு ஓடிவந்து புதிதாகத் தப்பு நாற்காலிகள் வரைய உட்கார்ந்தாள். சனியன், வேண்டுமென்று தப்பாக வரையப் போனால் கோடு ஒவ்வொன்றும் நேராகவே வந்து தொலைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“என்னடி, மூஞ்சி ஏன் இப்படி தொங்குது?” என்று அம்மா மிஷினை நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டதும், “இவ்வளவுதானா? நல்ல கெட்டித் தாளாச்சே, குப்பையில போட மனசு வருமா?” என்று சுவர் ஆணியில் தொங்கிய தாள்கட்டை இறக்கிப் போட்டாள்.

அத்தனையும் துணி வெட்டுவதற்கான அளவுத் தாள்கள். ஒரு பக்கம் அவள் கிழித்தெறிந்த கோணல் கால் நாற்காலிகள். மறுபக்கம் அம்மாவின் கையெழுத்து: ‘மாடி வீட்டம்மா, முழுக்கை’, ‘நர்ஸ், கழுத்து’. ஒவ்வொன்றிலும் தேதியும் போட்டிருந்தது. மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னொரு பாட்டம் அழுதாள். இருவரும் தேதிவாரியாக அடுக்கி, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்கும்படி ஓரத்தை மட்டும் நோட்டில் ஒட்டினார்கள். முதுகு சாய்ந்தது, கால் குட்டையானது, இருக்கை சறுக்கியது என்று ஒரு தப்பும் பாக்கியில்லை.

மறுநாள் நோட்டைத் திறந்த ஆசிரியை சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். “தேதியோட இருக்கு! இனி யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. தப்பிச்சே, போ.” அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தவள், மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

முடிவு வந்து, அவள் ஓவியத்தில் தேறிய வாரம், மாடி வீட்டம்மா புதுத் துணியோடு வந்தார். அம்மா அளவு நாடாவை எடுத்ததும் அவருக்கு ஆச்சரியம்.

“என் அளவுதான் உங்கிட்ட இருக்கே, மறுபடி எதுக்கு?”

“உங்க கை எம்பொண்ணோட பரீட்சைக்குப் போச்சுக்கா,” என்றாள் அம்மா. “ரெண்டு பேரும் பாஸு. கையை நீட்டுங்க.”