கொத்திய கல்லின் முதல் மாவு

செங்கம் சாலையில் எங்களுக்கு ஒரு மாவு மிஷின் இருந்தது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். எடை போடுவதும் டின்னில் பிடித்துக் கொடுப்பதும் நான். ஓட ஓட அரைக்கிற கல் மழுங்கிவிடும். உளியால் கொத்தினால்தான் மறுபடி மாவு நைசாக விழும். கொத்திய அன்று மட்டும் மாவில் கல்தூள் வரும்.

இதற்கு அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். கொத்திய அன்று முதலில் எங்கள் வீட்டுத் தானியம். கல் நன்றாக இருக்கிற நாளெல்லாம் வாடிக்கைக்காரர்களின் அரிசி, கோதுமை, கேழ்வரகு. மழுங்கிய பிறகு மிளகாய், மல்லி. அதோடு நிறுத்தி மறுபடி கொத்து. சும்மா சொல்லக்கூடாது, தொழிலுக்கு நல்ல வரிசைதான். தின்றவள் நானல்லவா? களியும் கொழுக்கட்டையும் பல்லில் நறநறக்கும். கல்தூள் போக முதலில் தவிடு கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டு ஓட்டுங்களேன் என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தது. மாவைச் சலித்துத் தோள் நொந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் பெருகி, சாப்பாட்டுக் கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். கல் சீக்கிரமே மழுங்கியது. பிரசவத்துக்கு வந்த என் மகள் கைக்குழந்தையோடு அப்போது எங்களோடுதான் இருந்தாள். கொத்திய அன்று, குழந்தையின் சத்துமாவுக்கு வறுத்த தானியத்தோடு வந்து நின்றாள். கொட்டு என்றார். இரண்டு நாள் கழித்து மற்றவர்களோடு அரைத்துக் கொடுங்கள் என்றாள். ஊரார் வரிசையில் வீட்டுச் சாமானைப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

"அப்ப நான் வேற மிஷினுக்குப் போறேன்."

காத்திருந்த அத்தனை பேர் முன்னால் டின்னைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருந்த பழைய மிஷினுக்குப் போனாள். எனக்கு உடம்பே கூசிப்போனது. மிஷின்காரர் மகளே அங்கே போனால் நம்மிடம் யார் வருவார்கள்? ஒரு அம்மாள் சத்தமில்லாமல் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் அரைத்துக்கொண்டு வந்த மாவை அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். நன்றாகத்தான் அரைத்திருக்கிறான் என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மகளிடம் திரும்பினார்.

"நீ இந்த மிஷின் மாவத் தின்னுதான வளந்த? இன்னா கொறஞ்சு போச்சு உனக்கு?"

எனக்கு அலுத்துப் போயிருந்தது.

"இல்லிங்க. கொழந்தையா இருக்க சொல்ல அவளுக்கும் நான் அங்கதான் அரைச்சாந்தேன்."

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார்.