குருடாயில் வண்டியும் கொழுந்தனும்

ஒரே கப்பலில் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று எனக்கு. இன்னொன்று, என் கணவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் செத்தார் என்று ஊரெல்லாம் சொன்னவனுக்கு. சொன்னவன் வேறு யாருமில்லை, அவருடைய கூடப்பிறந்த தம்பி. எனக்குக் கொழுந்தன்.

யுத்த காலத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து தூத்துக்குடிக்கும் சாயர்புரத்துக்கும் இடையே ஒரு பஸ் விட்டார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியின் முதுகில் ஒரு இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி மூட்டி, அந்தப் புகையில் வண்டி ஓடும். என் கணவர் ஓட்டுவார். தம்பி ஷெட்டைப் பார்த்துக்கொள்வான். சாமான் வாங்குவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

விபத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "பிரேக்கு சுத்தமாப் பிடிக்கல. லைனிங் மாத்தணும்டான்னு தம்பிட்ட சொல்லுதேன், திருவிழா கழியட்டும் அண்ணாங்கான்."

மாதா கோயில் திருவிழாக் கூட்டம் அப்போது. ஒரு நாள் வண்டி நின்றாலும் வசூல் போய்விடும் என்பது அவன் கணக்கு. மறுநாள் ஓடைப் பாலத்துச் சரிவில் வண்டி நிற்காமல் ஓடைக்குள் பாய்ந்தது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். இவர் மட்டும் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி கிடந்து செத்துப்போனார்.

போலீஸ் வந்து கேட்டபோது, பிரேக்கைப் பற்றி என் கொழுந்தன் மூச்சுவிடவில்லை. "அண்ணனுக்கு அன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொன்னான். கையைத் தூக்கிக் குடிக்கிற மாதிரிக் காட்டினானாம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

என் கணவர் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடியவர். கனத்த குரல். ஜலதோஷத்துக்குக்கூட மருந்துக் கடைச் சாராயத்தைத் தொடமாட்டார். அவரோடு நின்று பாடியவர்களில் ஒருவர்கூட அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க வரவில்லை. முத்தையாபுரத்திலிருந்து என் அண்ணன்மார் வந்து தூக்கினார்கள். கல்லறையில் யாரும் பாடவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் தீர்மானம் செய்தேன், இவனைச் சும்மா விடுவதில்லை என்று.

நான் நாசரேத்தில் டிரெயினிங் முடித்த வாத்தியாரம்மா. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஆம்பிளையை அடிக்க என்னிடம் என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளையைவிட அந்த ரோடுதான் பெரிது. அந்த ரோட்டில் வைத்து அடித்தால்தான் அவனுக்கு வலிக்கும். பஸ் விடும் பர்மிட்டில் என் கணவர் பங்குக்காக வக்கீல் வைத்து அலைந்தேன். யுத்தம் முடிந்து சில வருஷம் ஆன பிறகு அது என் பெயருக்கு வந்தது. அப்பா நாசரேத்துப் பனைவிளை நிலத்தை விற்றுக் கொடுத்தார். டீசல் பஸ்ஸுக்குச் சொல்லிவைத்தேன். அந்த நாளில் டீசல் என்று யாரும் சொல்லமாட்டார்கள், குருடாயில் வண்டி என்பார்கள். நான் சொல்லிவைத்தது தெரிந்ததும் அவனும் ஒன்றுக்குச் சொல்லிவைத்தான்.

கப்பல் வெளியே கடலில் நின்றது. இரண்டு சேஸிஸையும் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, பலகை போட்டு இறக்கினார்கள். உடம்பில்லாத வண்டி, வெறும் எலும்பும் என்ஜினுமாக. நான் என் வண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் பக்கத்தில் வந்தான். கூலியாட்கள், கங்காணி, சுங்கத்து ஆட்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னான்:

"மதினி, இது தையல் மிஷின் இல்ல. ஆறு மாசத்துல பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவீங்க."

சிரித்தார்கள்.

மதுரையில் கூடு கட்டி இரண்டு வண்டியும் ஊருக்கு வந்தன. எனக்கு டிரைவராக வந்தவர் பட்டாளத்தில் பர்மா எல்லைவரை லாரி ஓட்டித் திரும்பியவர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு என்ஜின் தெரியாது. கம்பெனிக்காரன் வண்டியோடு தந்த புத்தகத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு அது எது என்று தேடிக் காட்டுவார். இருவருமாகப் படித்தோம்.

புது என்ஜின் என்பது இன்னும் ஒன்றோடொன்று பழகாத இரும்பு. முதல் சில ஆயிரம் மைலுக்கு வேகம் கூடாது. ஆளை அடைக்கக் கூடாது. மேட்டில் திணறவிடாமல் முன்கூட்டியே கியரைக் குறைக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடக் கூடாது. ஒரே சீராகவும் ஓட்டக் கூடாது, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இதையெல்லாம் நான் வாசித்தபோது டிரைவர் அண்ணாச்சி தலையாட்டினார்.

"சரிதான் டீச்சர். பட்டாளத்துல குண்டு விழுந்து போன வண்டியவிட அவசரத்துல போன வண்டிதான் ஜாஸ்தி."

முதல் என்ஜின் ஆயிலை மாற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஓடி வந்த சூட்டோடு அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக வழிந்த எண்ணெயை ஒரு தாம்பாளத்தில் பிடித்து வெயிலில் காட்டினார். உள்ளே பொடிப்பொடியாக ஏதோ மினுமினுத்தது.

"புது இரும்பு உரசி விழுந்த தூள். இத உள்ளயே விட்டா என்ஜினை அரைச்சுத் தின்னுரும்."

எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினோம். என்ஜின் தலைப்பாகத்து நட்டுகளை, நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, புத்தகத்தில் போட்டிருந்த வரிசைப்படி மறுபடி முறுக்கினோம். வால்வு இடைவெளியை மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தோம். பீப்பாயில் வரும் குருடாயிலில் தண்ணீர் கலந்திருக்கும். அதை ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலாக எடுத்து, துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவோம். உப்பளத்துக் காற்று அடிப்பதால் வாரம் தவறாமல் அடிப்பக்கத்தைக் கழுவி கிரீஸ் வைப்போம். ரேடியேட்டருக்கு ஊர்த் தண்ணீர் ஆகாது. உப்பு உள்ளே படிந்துவிடும். மாட்டு வண்டிக்காரன் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருவான். வீட்டில் நாங்கள் உப்புத் தண்ணீர் குடித்தோம். பஸ் நல்ல தண்ணீர் குடித்தது.

பக்கத்து வீட்டார் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு நட்டையும் முறுக்கும்போது நான் யாரை நினைத்து முறுக்கினேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

கொழுந்தன் தன் வண்டியை வந்த நாளிலிருந்தே விரட்டினான். கூட்டத்தை அடைத்துக்கொண்டு, மேலே கருப்பட்டிச் சிப்பமும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு, என் வண்டியைத் தாண்டிப் போவான். தாண்டும்போதெல்லாம் அவன் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்துவான்:

"டீச்சர் வண்டியா? நடந்தே போயிரலாம்லே! இங்கன ஏறுங்க, இங்கன ஏறுங்க!"

ஆட்கள் அங்கேதான் ஏறினார்கள். என் வண்டி பாதி காலியாக ஓடியது. சாயர்புரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். நான் தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து போவேன். அவன் வண்டி கிளப்பும் புழுதி என் சேலையெல்லாம் அப்பும். துடைத்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் அவன் வண்டிப் புகை நிறம் மாறியது. சத்தமும் மாறியது. ஒரு நாள் அது எங்களைத் தாண்டிப் போனபோது டிரைவர் அண்ணாச்சி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"டீச்சர், அவிய இன்னும் முத ஆயிலையே மாத்தலன்னு நெனைக்கேன். என்ஜின் காய்ஞ்சு கெடக்கு. ஒரு வார்த்த சொல்லிருவோமா?"

"வேண்டாம்."

"பாவம்லா டீச்சர்."

"பிரேக்கா இருந்தா சொல்லுவேன் அண்ணாச்சி. பிரேக்கு போனா ஏறுனவன் சாவான். என்ஜின் போனா அவன் மட்டும்தான் சாவான். போகட்டும்."

நான் அன்று சொல்லாமல் விட்டதற்காக இதுவரை ஒரு நாளும் வருந்தியதில்லை. அவனாகவே வந்து உதவி கேட்கட்டும் என்று காத்திருந்தேன். சந்தோஷமாகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மாதா கோயில் திருவிழா வந்தது. நல்ல வெயில். சாயர்புரத்திலிருந்து புறப்பட்டு முத்தையாபுரம் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே வரும்போது, ரோட்டோரத்தில் அவன் வண்டி நின்றது. கைக்குழந்தைக்காரிகளும் கிழவர்களும் வண்டி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தீய்ந்த எண்ணெய் நாற்றம். அவனுடைய டிரைவர் வண்டிக்கு முன்னால் கைப்பிடியைப் போட்டு என்ஜினைச் சுற்றப் பார்த்தான். அது அசையவே இல்லை. பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டுவிட்டது.

நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பெண்களையும் பிள்ளைகளையும் என் வண்டியில் ஏறச் சொன்னேன். டிக்கெட் வேண்டாம் என்றேன். அப்போது கொழுந்தன் வந்தான். அன்று திருவிழா வசூலைப் பார்க்க அவனே வண்டியில் வந்திருந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

"மதினி, ஒரு கயிறு போட்டு ஷெட்டுவரைக்கும் இழுத்து விட்டுருங்க. இந்தக் கூட்டத்துல ரோட்டுலயே கெடந்தா மானம் போயிரும்."

"இழுக்கேன். அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு சொல்லும். உங்க அண்ணன் அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?"

அவன் சுற்றிலும் பார்த்தான். இரண்டு வண்டி ஆட்களும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாட்டுக் குழுக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

"இப்ப எதுக்கு மதினி அது? வீட்டுல வச்சுப் பேசுவோம்."

"போலீஸ்ட்ட நீரு வீட்டுல வச்சா சொன்னீரு?"

நான் படியில் கால் வைத்தேன். "அண்ணாச்சி, வண்டிய எடுங்க" என்றேன்.

"மதினி, இருங்க" என்றான். பிறகு தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல."

"குடிக்கல. எங்க அண்ணன் குடிக்க மாட்டாரு."

"பின்ன எப்படி வண்டி ஓடைக்குள்ள போச்சு?"

"பிரேக்கு. மாத்தணும்னு சொன்னாரு. நான்தான் திருவிழா கழியட்டும்னு சொல்லிட்டேன்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர், "ஏலே, கூடப்பொறந்தவனாலே நீ" என்று காறித் துப்பினார். பாட்டுக் குழுக்காரர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி, கயித்தக் கட்டுங்க" என்றேன்.

டிரைவர் அண்ணாச்சி என்னிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நம்ம என்ஜின் இன்னும் முழுசாப் பழகல. இந்தப் பாரத்த இழுக்கக் கூடாதுன்னு புத்தகத்துல நீங்கதான் வாசிச்சீங்க."

"தெரியும். இன்னைக்கு ஒரு நாள் இழுக்கட்டும். முத கியர்லயே போங்க. சூடு ஏறினா நிறுத்துங்க."

பின் வண்டியில் ஸ்டீயரிங் பிடிக்க அவன் டிரைவர் ஏறப்போனான். நான் தடுத்தேன். "வேண்டாம். மொதலாளியே உக்காரட்டும்."

அவனே உட்கார்ந்தான். ஆள் நடக்கிற வேகத்தில் போனோம். அவன் வண்டியில் வந்த ஆண்கள் இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். வழியில் இரண்டு முறை நிறுத்தி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தோம். ஊருக்குள் நுழைந்ததும் ஷெட்டுக்குப் போகும் குறுக்குப் பாதையில் திருப்பப் போனார் அண்ணாச்சி. நான் கிரேட் காட்டன் ரோட்டைக் காட்டினேன். அங்கேதான் கொழுந்தனின் ஆபீஸ். திருவிழாவுக்குக் கூடிய சனம் தெருவை அடைத்து நின்றது. ஹாரனை விடாமல் அடிக்கச் சொன்னேன். கடைக்காரர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். நடந்து வந்தவர்களிடம் என்ன ஏது என்று கேட்டார்கள். அவர்களும் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் நேராக வெறித்துக்கொண்டு இருந்தான். அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தேன்.

மறுநாள் எங்கள் வண்டியை நிறுத்தினோம். ஆயிலை வடித்து, நட்டெல்லாம் மறுபடி முறுக்கி, ஒரு சேதமும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அண்ணாச்சிக்கு முகம் தெளிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழு முழுதும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. என் கணவருக்குப் பிடித்த பாட்டைப் பாடினார்கள். மூத்தவர் என்னிடம் வந்து கைகூப்பி மன்னிக்கச் சொன்னார். "அவருக்காகப் பாடுனீங்க, அது போதும். மன்னிக்கதெல்லாம் ஆண்டவரப் பாத்துக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கொழுந்தனின் என்ஜினுக்குச் சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. வருவதற்குள் ஆட்கள் என் வண்டிக்குப் பழகிவிட்டார்கள். பர்மிட்டைக் கைமாற்றிவிட்டு அவன் உப்பு வியாபாரத்துக்குப் போனான்.

பிறகு ஒரு நாள் மார்க்கெட்டில் அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

"அக்கா, இப்பவாவது மனசு ஆறிச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அவியளும் தூங்கதே இல்லக்கா. கண்ண மூடுனா அண்ணன் வாராராம், பிரேக்கு பிரேக்குன்னு சொல்லுதாராம்."

மீன்காரி எடை போட்டதை வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நெய்மீன் நல்ல புதுசு. வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்து, பல நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டேன்.