பதினேழு பேரோடு அக்கா பாடிய நாள்

மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்றியல் லாசாலை வதிவிடமாகவும் கொண்ட எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. அவருடைய ஒரே தம்பி எழுதுகிறேன். வீண் புகழ்ச்சி கேட்டால் முகம் சுளிப்பவர் அக்கா. ஆகையால் நடந்ததையே எழுதுகிறேன்.

அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது. என்னைப் படிப்பித்து, கனடாவுக்குக் கூப்பிட்டு, கலியாணமும் செய்துவைத்தார். தனக்கென்று எதையும் பார்க்கவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் நின்று நின்று கால்கள் வீங்கின. ஒற்றை அறை வீட்டில் தனியே இருந்தார். நத்தார்ப் பெருநாளுக்கு எங்களிடம் வந்தால் பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார். கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே நான் கதிரையில் சாய்ந்தபடி இருப்பேன்.

ஊர் மாதா கோவிலில் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுத்தவர் அக்காதான். ஐம்பது வயதுக்குப் பிறகு, கூட வேலை செய்த ஒருவர் மூலம் ஒரு ஜாஸ் குழுவில் பாடகியாகச் சேர்ந்தார். டிரம்பெட், டிரொம்போன், சாக்சபோன் என்று பதினேழு பேர், எண்பது வருடத்துக்கு முந்திய சுவிங் பாடல்களை வாசிப்பவர்கள். கோவில் பங்குச் சனம் என்ன கதைக்குமோ என்று எனக்கு வெட்கம். அக்கா பாடிய ஒரு மேடைக்கும் நான் போனதில்லை.

நோய் வந்தபின் கிழமை தவறாமல் வைத்தியசாலைக்கு நான்தான் கூட்டிச் சென்றேன். அந்த நாட்களில்தான் குழுவின் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு வந்தது. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்றார்களாம். அக்கா என்னைக் கேட்டார். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். வாறன் என்றேன். ஒலிப்பதிவு அன்று டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

பிறகு அவர் தந்த இசைத்தட்டு காருக்குள்ளேயே கிடந்தது. கடைசி நாட்களில் ஒருமுறை கேட்டார்.

“தம்பி, கேட்டனியோ?”

“ஓம் அக்கா, நல்லாய் இருந்தது.”

“எந்த இடம் பிடிச்சது?”

“எல்லாம்தான்.”

அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நாளில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அந்தப் பதினேழு பேரும் வந்திருந்தார்கள். ஒலிப்பதிவில் நடந்ததைக் குழுத் தலைவியான அம்மையார் சொன்னார். பழைய முறைப்படி எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்தே பதிவார்களாம். ஒருவர் நின்றாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாத்தியமில்லாமல் தொடங்கும் முதல் வரியைப் பாடிவிட்டு அக்கா நின்றுவிட்டார். மூன்று முறையும் அப்படியே. எங்கள் கோவிலில் ஒருவர் ஒரு வரி பாடினால் சனம் அதைத் திருப்பிப் பாடும், பதற்றத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாராம். நான்காம் முறை அவர் நின்றபோது சாக்சபோன்காரர்கள் அந்த வரியைத் திருப்பி வாசித்தார்கள். அதையே இசைத்தட்டில் சேர்த்தார்கள்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், செத்தவீட்டுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும் நன்றி. நான் போகாத இடத்தில் அக்காவுக்குத் துணை நின்ற பதினேழு பேருக்கும் நன்றி.

அக்கா, அடக்கம் முடிந்து காருக்குள் தனியே இருந்து அந்த இசைத்தட்டைக் கேட்டேன். முதல் வரியைப் பாடிவிட்டு நிற்கிறீர்கள். வாத்தியம் தொடங்குமுன் உங்கள் மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த இடம்தான்.