ஒரு பிடி கோதுமை மாவு

என் நாத்தனாரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு செலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பே என் குடலைப் புண்ணாக்கும். தின்கிற சத்து எதுவும் ஒட்டாது. நான் ஓசூரில் மின்சாதனப் பாகங்களைச் சோதித்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நோய் பிடிபடுவதற்கு முன்னால் லைனில் நின்றபடியே மயங்கி விழுந்திருக்கிறேன். ரத்தம் இல்லை என்றார்கள். ஊரே சேர்ந்து ஒரே வைத்தியத்தைச் சொன்னது: சோற்றை விடு, சப்பாத்திக்கு மாறு.

எங்கள் பக்கத்தில் கோதுமை என்றால் நோயாளிக்கு ஆகிற சாப்பாடு. சர்க்கரைக்காரருக்குச் சப்பாத்தி, காய்ச்சல்காரருக்கு பிரட், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு ரவைக் கஞ்சி. எங்கள் கேன்டீனில் சப்பாத்தி கவுன்டருக்கு மேலேயே ‘டயட்’ என்று போர்டு தொங்கும். நானும் பயபக்தியோடு அந்த வரிசையில் நின்று தின்றேன். அந்த வருடங்களில் இரண்டு தடவை கரு தங்காமல் போனது.

கடைசியில் பெங்களூரில் ஒரு டாக்டர் ரத்தத்தையும் குடலையும் சோதித்துக் கண்டுபிடித்தார். கரு தங்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒரு வருடம் சுத்தமாகக் கோதுமை படாமல் இருங்கள், குடல் ஆறட்டும், ரத்தம் ஏறட்டும், அதற்குப் பிறகு குழந்தைக்குப் பார்க்கலாம் என்றார். கோதுமையை ஆயுள் முழுக்கத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தாறு முடிந்திருந்தது. அந்த வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இருந்து காட்டினேன். மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் எனக்கென்று தனித் தோசைக்கல், தனிக் கரண்டி, தனி எண்ணெய்ச் சட்டி. கேழ்வரகை மில்லுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் மிச்சம் கல்லிலேயே இருக்கும், அது என் மாவில்தான் வந்து விழும். வீட்டிலேயே மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்தேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் மைதா. இத்தனை நாளும் ரசம் என்று நினைத்து எதைக் குடித்துக்கொண்டிருந்தேனோ என்று டப்பாவைத் தூக்கி எறிந்தேன். கல்யாண வீடுகளுக்குப் போனால் பூ வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். மெல்ல வாய்ப்புண் ஆறியது. ரத்தம் ஏறியது. ரிப்போர்ட்டில் நோயின் அளவைக் காட்டுகிற எண்கள் இறங்க இறங்க, ராத்திரி படுத்தால் குழந்தைக்குப் பெயர் யோசிக்கிற அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆனது. எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் கணவரின் அக்கா ஒரு மாதம் வந்து தங்கி, சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். வந்த அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கரண்டி, எந்தச் சட்டி, எதைத் தொடக் கூடாது, ஏன் தொடக் கூடாது என்று. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“பத்தியம்னா பத்தியம்மா. எங்களுக்குத் தெரியாதா?”

அந்தச் சொல்லை நான் அன்றே அடித்து நொறுக்கியிருக்க வேண்டும். பத்தியம் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. மருந்து தின்கிற வரைக்கும் வாயைக் கட்டிவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்துத் தலைக்குக் குளித்து, கறிச்சோறு தின்று முறித்துக்கொள்வார்கள். அதை யாராவது ஒரு பெரியவள் பக்கத்தில் நின்று முறித்து வைப்பாள். ஆயுசுக்கும் முறிக்காத பத்தியம் ஒன்று உண்டு என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்த மாதம் முழுக்க எனக்கு வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. பேதி நிற்கவில்லை. லைனை விட்டுப் பாத்ரூம் போக சூப்பர்வைசர் முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிற்க வேண்டியிருந்தது. வாயில் மறுபடியும் புண். நான் என்னையே சந்தேகப்பட்டேன். கேழ்வரகை மறுபடி கழுவிக் காய வைத்தேன், உப்பை மாற்றினேன், கேன்டீன் தண்ணீரை நிறுத்தினேன். நாத்தனார் கிண்டிக் கொடுத்த களியை மட்டும் சந்தேகப்படவில்லை. அதை உட்கார்ந்து முழுசாகத் தின்றேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று, பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் பையைக் கட்டிக்கொண்டே சிரித்தபடி சொன்னாள்.

“வந்த நாள்லேருந்து இவ களியில தெனம் ஒரு பிடி கோதும மாவு போட்டுத்தான் கிண்டுனேன். என்னா ஆயிப்போச்சு? நல்லாத்தானே கம்பெனிக்குப் போயி வர்றா. பழக்குனா ஒடம்பு ஏத்துக்கும்மா. உன் பத்தியத்த நான் முறிச்சுட்டேன், போ.”

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி கை தட்டினாள். எனக்கு அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் பஸ் ஏறிய பிறகு என் கணவர் கதவுக்கு வெளியே நின்று, “அக்காவுக்குத் தெரியல. உன் நல்லதுக்குன்னுதானே செஞ்சா” என்றார். அந்த ‘நல்லது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

ரிப்போர்ட்டில் எண்கள் ஏறிப் போயிருந்தன. வெளியில் என்ன சாப்பிட்டீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று டாக்டர் கேட்டார். திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன். குழந்தை விஷயம் இப்போது வேண்டாம், மறுபடியும் முதலிலிருந்து இருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலை, அவளுக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பது. லைனில் கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு அவளை வறுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவர்கள் தோட்டத்தில் யானை புகுந்துவிட்டது என்று போன் வந்தது. எவ்வளவு போச்சு என்று ஆவலோடு கேட்டேன். தக்காளி மட்டும்தான், கேழ்வரகு தப்பிச்சுது என்றாள். எனக்கு யானை மேல் கோபம் வந்தது.

நான் காத்திருந்தது அவள் மகளின் நிச்சயதார்த்தத்தில் கைக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆனேக்கல் பக்கம், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுகிறவர்கள். என் கணவர் தாய்மாமன். தாய்மாமனும் மனைவியும் முதல் பந்தியில் சம்பந்திகளோடு உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். உறவில் விரிசல் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நான் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நாத்தனார் எனக்கென்று தனிப் பானையில் வடித்த வெறும் சோற்றைக் கொண்டுவந்து இலையில் வைத்தாள். நெய்கூட இல்லாத வெள்ளைச் சோறு. அது என்னை ஒன்றும் செய்யாது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் தொடவில்லை.

“ரெண்டு வாயாவது தின்னும்மா. சம்பந்திங்க பாக்கறாங்க” என்று குனிந்து கெஞ்சினாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எதிர் இலையிலிருந்து, ஏன் மாமன் வீட்டம்மா கை நனைக்கவில்லை என்று கேட்டாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

“இவங்க கையால நான் சாப்பிட மாட்டேங்க. எனக்குத் தெரியாம ஒரு மாசம் சாப்பாட்டுல கலந்து கொடுத்தவங்க இவங்க” என்றேன்.

பந்தியில் கைகள் நின்றன. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்து இலைக்காரியிடம் மெதுவாக, “கைமத்தா?” என்றாள். அவர்கள் கன்னடத்தில் மத்து என்றால் மருந்து. வசியத்துக்கும் கெடுதலுக்கும் சோற்றில் ரகசியமாக வைக்கிற மருந்துக்கு அங்கே கைமத்து, நம் பக்கத்தில் இடுமருந்து. ஒருத்தி வாயில் இருந்ததை இலையிலேயே துப்பினாள். மாப்பிள்ளையின் அம்மா இலையை மூடுவதற்கு நுனியைப் பிடித்துவிட்டாள். நாத்தனார் ஒரு எட்டு பின்னால் போனாள். கையிலிருந்த கரண்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கரண்டியை நான் ஆசை தீரப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் என் உடம்புக்கு அவ்வளவு சுகமாக எதுவும் இருந்ததில்லை.

மணப்பெண் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் என்னை ஒன்றும் செய்தவள் இல்லை. “அத்தை” என்று கூப்பிட்டாள்.

“மருந்து இல்லைங்க. கோதுமை மாவு” என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா இலை நுனியை விட்டுவிட்டு, “கோதி ஹிட்டா?” என்று கேட்டுக்கொண்டே சிரித்தாள். “அய்யே, கோதும மாவுக்காம்மா இப்படி? நான் பயந்தே போனேன்.” அந்தச் சிரிப்பு இலைக்கு இலை தாவியது. துப்பியவளும் சிரித்தாள். நாத்தனாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். என் பக்கத்து இலையில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் கணவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வயிறு காய்ந்தது. திரும்பும்போது பைக்கில் அவர் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. இடுமருந்து என்றே விட்டிருந்தால், ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்காவது, இன்னும் வராத என் பிள்ளைக்கு அவள் வைத்தது விஷம் என்று ஒரு பந்தி முழுக்க நம்பியிருக்கும்.