அப்பாவின் இடது காது

போன ஞாயிறு ஜெபம் முடிந்து வண்டியில் வரும்போது சின்னவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள், "அப்பா, இயேசப்பா எதுக்குப்பா அற்புதம் செய்யறாரு? செய்யறதுன்னா எல்லாருக்கும் ஒரேடியா செஞ்சிட வேண்டியதுதான?" பெரியவன் அவள் தலையில் தட்டினான். நான் சிப்காட் சிக்னலில் ஒரு லாரியின் புகைக்குள் நின்றிருந்தேன். முந்தின நாள் நைட் ஷிஃப்ட் பார்த்த கண். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிட்டேன். எனக்குப் படிப்பு அவ்வளவாக இல்லை. பேசினால் வரிசை தப்பிவிடும். அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதித் தருகிறேன். பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் உங்கள் வயதில் இருந்தபோது நடந்தது, அவ்வளவுதான்.

அப்போது மத்திகிரியில் லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாருக்கும் ஒரே குழாய். பக்கத்து வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்த வீட்டில் கன்னடம். குழாயடிச் சண்டை மட்டும் மூன்று பாஷையிலும் நடக்கும். அப்பாவுக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி அடிக்கும். ஷிஃப்ட் முழுக்க அந்த அடிதான். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் நிற்பார். அதையும் மீறி இடது காது செத்துப்போனது. நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னாலிருந்து கத்தினாலும் திரும்புவதில்லை என்று மெஷினிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள்.

அப்பா அதற்காக வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. "ஒரு பக்கம் கேக்குதில்ல, அது போதும். ரெண்டு பக்கமும் கேட்டு என்னா ஆவப்போவுது" என்பார். செத்த காதில் ஒரு வசதியும் கண்டுபிடித்து வைத்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வார். உடனே குழாயடி, குக்கர், பக்கத்து மாட்டுப் பண்ணையின் டிராக்டர் எல்லாம் நின்றுவிடும். தொட்டால்தான் எழுந்திருப்பார்.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அம்மா அப்போது ரோஜாப் பண்ணையில் பூ பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூட வேலை செய்தவர்கள் அழைத்துத்தான் எங்கள் தெருமுனையில் தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அப்பா சாமி விஷயத்தில் எதற்கும் குறுக்கே நிற்க மாட்டார், எதற்கும் முன்னாலும் வர மாட்டார். அப்பாவின் காது திறக்கும்வரை உபவாசம் என்று அம்மா ஆரம்பித்தாள். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு புதன்கிழமையும் சேர்ந்தது. பிறகு தினமும் காலைச் சாப்பாடு நின்றது, மத்தியானமும் நின்றது. பண்ணையில் பாலித்தீன் கூரைக்குக் கீழே வெயில் நேரத்தில் நிற்கவே முடியாது. ஒரு நாள் பூக்கூடையோடு மயங்கி விழுந்து, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். முழங்கையில் முள் கிழித்த கோடுகள். அப்பா அதைத் துடைத்துவிட்டு, "இன்னிக்காவது சாப்புடு" என்றார். அம்மா, "உங்களுக்குக் கேக்கட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்றாள்.

எங்கள் பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரும் சொல்லிப் பார்த்தார். "வெறும் வயித்தோட வேலைக்குப் போவாதீங்கம்மா. ஆண்டவர் உங்கள வதைக்கணும்னு கேக்கல" என்றார். அம்மா தலையை ஆட்டினாள், கேட்கவில்லை.

அந்தப் பாஸ்டர்தான் ஞாயிறு வகுப்பில் எங்களுக்குக் காது கேளாதவன் கதையைச் சொன்னார். இயேசு அவனைக் கூட்டத்திலிருந்து தனியாக அழைத்துப் போகிறார், காதில் விரலை வைத்துத் திறக்கிறார், பிறகு யாருக்கும் சொல்லக் கூடாது என்று கட்டளையிடுகிறார். எனக்கு அது விளங்கவில்லை. இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டு யாராவது சொல்ல வேண்டாம் என்பார்களா என்று கேட்டேன்.

பாஸ்டர் சிரித்தார். "ஹைவேயில போர்டு வச்சிருக்கான்லா, கிருஷ்ணகிரி இந்தப் பக்கம்னு? அற்புதம் அந்த போர்டு மாதிரிடே. போர்டக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னா ஊரு போய்ச் சேருவியா?"

எனக்குப் போர்டு புரிந்தது, ஊர் எது என்று புரியவில்லை. உன் கேள்விக்கு இன்றைக்கும் இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை, கண்ணு. ஆனாலும் அது எங்கள் வீட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசிப்பதை நான் நிறுத்தவும் இல்லை.

பிறகு பெங்களூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்து சிறப்புக் கூட்டம் நடத்தினார். ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ், தெரு முழுக்க டியூப் லைட். அம்மா அப்பாவைக் கெஞ்சிக் கூட்டி வந்தாள். நைட் பார்த்துவிட்டுச் சரியாகத் தூங்காமல் வந்தவர், நின்றபடியே கண் சொருகிக்கொண்டிருந்தார். மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஊழியக்காரர் இடது காதில் விரல் வைத்து ஜெபித்தார். பிறகு மைக்கோடு குனிந்து, "கேக்குதா?" என்றார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா முக்காட்டுக்குள் கண்ணை மூடி, கை இரண்டையும் ஏந்தி நின்றிருந்தாள். அந்தக் கைகளில் முள் கிழித்த கோடுகள் எனக்கே தெரிந்தன. அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குது" என்றார்.

எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். நான் பாயின் மேல் ஏறிக் குதித்தேன். வீட்டுக்கு வந்து அம்மா சோறு போட்டுச் சாப்பிட்டாள். அப்பா சுவரில் சாய்ந்து, அவள் கடைசி வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் அம்மா பண்ணைக்குப் போய்விட்டாள். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து வழக்கம்போல வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தார். இடது காது மேலே பார்த்துக் கிடந்தது. புதுக் காது. அதில் முதலில் கூப்பிடுவது நானாக இருக்க வேண்டும் என்று ஆசை. பக்கத்தில் மண்டிபோட்டு "அப்பா" என்றேன். அசையவில்லை. கத்தினேன். தட்டையும் மூடியையும் எடுத்து வந்து தட்டினேன். பக்கத்து வீட்டு அத்தை, "ஏமிரா, மனுசங்க தூங்க வேணாமா?" என்று சுவரில் இடித்தாள். அப்பா சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

தட்டு கை தவறி அவர் மேல் விழுந்தபோதுதான் விழித்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து உட்கார்ந்தார்.

"உனக்குக் கேக்கலயாப்பா?"

அவர் முகத்தைக் கையால் வழித்துக்கொண்டார். "காலையில அம்மா சாப்ட்டுதா?"

"சாப்ட்டுச்சி. ரெண்டாவது தடவயும் இட்லி வச்சிக்கிச்சி."

"அப்ப உடு" என்றார். மறுபடி படுத்துக்கொண்டே, "யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கதையில் இயேசு சொன்ன அதே வார்த்தை. ஒரு நாளும் வேதம் திறக்காத அப்பாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அதிசயப்பட்டேன். என்ன ஆனாலும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் அம்மா வந்தாள். வந்ததும் டீ போட்டாள். புதுக் காது வந்தபின் அம்மா அப்பாவை எழுப்பப் போகும் முதல் தடவை இது. வாசலிலிருந்தே கூப்பிடுவாள், அவர் எழுந்திருக்க மாட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கூப்பிடவில்லை. டம்ளரோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் கை வைத்தாள். அவர் புரண்டு, வலது காது தலையணையிலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்தாள். பிறகு அந்த நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து, மெதுவாக, "ஏங்க, டீ" என்றாள்.

பழைய பழக்கத்தில் தொட்டு எழுப்பிவிட்டாள், நல்லவேளை, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது. அப்பாவின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தோடு விளையாட ஓடிவிட்டேன்.